கன்டென்ட் நெகோஷியேஷனா, கிளையன்ட் சைடு ரெண்டரிங்கா? எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே முகவரியில் பிரவுசருக்கு ஹெச்டிஎம்எல், ஆப்புக்கு ஜேசன் (வெறும் தரவு மட்டும் உள்ள வடிவம்) என்று சர்வரே பிரித்துக் கொடுக்கட்டுமா, இல்லை எல்லாருக்கும் ஜேசன் கொடுத்துவிட்டுப் பக்கத்தைப் பிரவுசரிலேயே ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலாவது கன்டென்ட் நெகோஷியேஷன்: தனக்கு எந்த வடிவம் வேண்டும் என்று கேட்பவர் கோரிக்கையோடு அனுப்பும் அக்செப்ட் ஹெடரைப் பார்த்து எந்த வடிவில் கொடுப்பது என்கிற விஷயம். இரண்டாவது கிளையன்ட் சைடு ரெண்டரிங்: பக்கம் எங்கே உருவாகிறது என்கிற விஷயம். ஒன்றுக்கொன்று நேர் எதிரி இல்லை. ஆனாலும் வேலையில் இறங்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டி வருகிறது, எனக்கும் வந்தது.

ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலை முதலில் முழுக்க ரியாக்டில்தான் செய்தோம். 2 ஜிபி ராம் உள்ள போனில் திறந்தால் சில விநாடிகள் வெறும் வெள்ளைத் திரை. சோர்ஸைப் பார்த்தால் ஒரே ஒரு காலி டிவ் (வெற்றுப் பெட்டி). வாட்ஸப்பில் இணைப்பை அனுப்பினால் புத்தகத்தின் பெயர்கூட வராது, ஏனென்றால் அங்கே முன்னோட்டம் எடுக்கும் நிரல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. படிக்க வருகிறவர்களுக்கான தளத்தை இப்படிச் செய்யவே கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அப்புறம் நெகோஷியேஷனுக்கு மாறினோம். '/நூல்கள்' என்று கேட்டால் பக்கம் வரும், வகை வாரியாக வடிகட்டும்போது பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் அதே முகவரியை ஃபெட்ச் மூலம் ஜேசன் கேட்டு அழைக்கும். சோதனையில் எல்லாம் சரி. வெளியிட்ட மறுநாள் நூலகத்திலிருந்து போன்: ஒரு புத்தகத்துக்குள் போய்விட்டு 'பேக்' அழுத்தினால் திரை முழுக்க நெளிவு அடைப்புக்குறிகள்! குரோம் அந்த முகவரிக்குக் கடைசியாகக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருந்தது ஜேசனை, பேக் அழுத்தியதும் அதையே எடுத்துக் காட்டிவிட்டது. அக்செப்டைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் 'வேரி: அக்செப்ட்' என்ற ஒரு ஹெடர் வரியை இரண்டு பதில்களிலும் சேர்த்திருந்தால் இது வந்திருக்காது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. அதோடும் முடியவில்லை, சர்வருக்கு முன்னால் இருந்து பதில்களைச் சேமித்துக் கொடுக்கும் சிடிஎன் வேரி ஹெடரைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் ஜேசனுக்கு '/நூல்கள்.ஜேசன்' என்று தனி முகவரியே கொடுத்துவிட்டோம், பிரச்சினை அடியோடு போனது.

அதனால் நான் சொல்வது இதுதான். செய்தி, பட்டியல், கட்டுரை மாதிரி படிக்கிற பக்கம் என்றால் சர்வரிலிருந்தே ஹெச்டிஎம்எல் போகட்டும், ஜேசனுக்குத் தனி முகவரி இருக்கட்டும். லாகின் செய்த பிறகு மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிற திரை, வரைபலகை, விரிதாள் இவற்றுக்குக் கிளையன்ட் சைடு ரெண்டரிங்கைத் தயங்காமல் எடுங்கள்.

ஒரே முகவரிதான் வேண்டும் என்றால், கட்டளை வரியிலிருந்து முகவரியைக் கூப்பிடும் கர்ல் போன்ற கருவிகள், நாமாக எதுவும் சொல்லாவிட்டால், அக்செப்டில் 'எதுவானாலும் சரி' என்று பொருள்படும் '*/*' குறியைத்தான் அனுப்பும், அதற்கு எதைக் கொடுப்பது என்று முதலிலேயே தீர்மானித்து வையுங்கள். பிறகு அக்செப்டை மாற்றி மாற்றிக் கர்லில் இரண்டு முறை கூப்பிட்டு, இரண்டு பதிலிலும் வேரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியிடுங்கள்.