ரீஃபர்பிஷ்டு வாங்கலாமா?

கேள்வி: மகளின் படிப்புக்கு லேப்டாப் வேண்டும். புதுசு வாங்கக் கை கடிக்கிறது. ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிபார்த்துப் புதுப்பித்தது, என்று போட்டு விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?

பதில்: தாராளமாக. ரீஃபர்பிஷ்டில் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் நான் லேப்டாப்பைத்தான் கை காட்டுவேன், அதிலும் ஆபீஸ்களில் ஓடிவிட்டு வந்த ரகத்தை. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், ஹெச்பியின் எலைட்புக் எல்லாம் அந்த ரகம். பெரிய நிறுவனங்கள் இவற்றைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு வருஷம் கழித்து மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கின்றன. கெட்டுப்போய்விட்டது என்பதால் இல்லை, குத்தகை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அதே பணத்துக்கு வரும் புத்தம்புது மலிவு லேப்டாப்போடு வைத்துப் பார்த்தால் கீபோர்டு, மூடியின் கீல் எல்லாமே இதில் கெட்டியாக இருக்கும். அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி பேட்டரியையும் எஸ்எஸ்டியையும் (ஃபைல்களைச் சேமிக்கும் பாகம்) மாற்றிவிடலாம், பல மாடல்களில் ராம் என்கிற தற்காலிக நினைவகத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஏமாறுகிற இடம் ப்ராசஸர், அதாவது லேப்டாப்பின் மூளையான சிப். ஐ7 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், அது எந்தத் தலைமுறை என்பது அதற்கு அடுத்த எண்ணில் ஒளிந்திருக்கும்: 7500 என்றால் ஏழாம் தலைமுறை, 8550 என்றால் எட்டாம் தலைமுறை. இது ஏன் முக்கியம் என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். அதற்குக் கீழே உள்ளதில் விண்டோஸ் 11-ஐ எப்படியோ திணித்து விற்பவர்களும் உண்டு. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர் என்றால் உங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம், அந்தப் பழசே லாபம்.

இன்னொன்று, கையில் வந்ததும் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பழைய ஆபீஸின் பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம், பேசாமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: சரி, போன்?

பதில்: யோசித்து வாங்குங்கள். போனில் முதலில் தேய்வது பேட்டரி. ஐபோன் 14 வரைக்குமான பேட்டரிகள் 500 முழு சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படியும், 15 முதல் 1000 சார்ஜுக்குப் பிறகு அப்படி இருக்கும்படியும் வடிவமைத்ததாக ஆப்பிளே சொல்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்று வையுங்கள், 500 என்பது ஒன்றரை வருஷம்கூட இல்லை. அதனால் ‘செட் புதுசு மாதிரி இருக்கா’ என்று கேட்பதைவிட ‘பேட்டரி மாற்றியாச்சா’ என்று கேளுங்கள். ஆப்பிள் நேரடியாக விற்கும் ரீஃபர்பிஷ்டு ஐபோன்களில் பேட்டரியும் வெளிக்கூடும் புதுசு, ஒரு வருஷ வாரண்டியும் உண்டு. மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை திறந்து ஒட்டிய போனைத் தண்ணீர் புகாது என்று நம்பி நனைத்துவிடாதீர்கள்.

அப்புறம் அப்டேட். பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஏழு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, போன் முதலில் சந்தைக்கு வந்ததிலிருந்து. மிச்சம் எத்தனை என்று கணக்குப் போட்டு அதற்கேற்ற விலை கொடுங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) வரும், பில்லில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். முந்தைய ஆளின் ஐகிளவுடோ கூகுள் கணக்கோ அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது போன் இல்லை, கண்ணாடிச் செங்கல்.

கேள்வி: எதைத் தொடவே கூடாது?

பதில்: ஒயர்லெஸ் இயர்பட்ஸ். நான் வாங்கிப் பட்டிருக்கிறேன்: நாற்பது நிமிஷத்தில் வலது காது செத்துவிடும், இடது பக்கம் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். பொட்டு அளவு பேட்டரியை உள்ளே பசைபோட்டு அடைத்திருப்பார்கள், மாற்றக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஆள் கிடைக்காது. (அடுத்தவர் காதில் இருந்தது என்பதை நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கவில்லை.)

ஹெல்மெட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒரு அடியை வாங்கி நசுங்குவதற்காகவே செய்தது, ஏற்கெனவே நசுங்கியிருந்தால் வெளியே தெரியாது. நாள்கணக்கில் சும்மா கிடந்த இங்க்ஜெட் பிரிண்டரில் மை காய்ந்து முனை அடைத்திருக்கலாம். லேசரில் மை பொடியாக இருப்பதால் அந்தத் தொல்லை கிடையாது, அதை வாங்கலாம். ஓஎல்இடி டிவி என்றால் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம் ஓடவிட்டுப் பாருங்கள், பழைய சேனலின் லோகோ மங்கலாகத் தெரிந்தால் வேண்டாம், அது போகாது. சாதாரண எல்சிடி மானிட்டரில் இந்தப் பயம் குறைவு.

கேள்வி: ‘ஏ கிரேடு’ என்றால் நல்ல சரக்குதானே?

பதில்: கீறல் குறைவு. பெரும்பாலும் அவ்வளவுதான் அர்த்தம், அதற்கும் எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. மூடியில் நாலு கீறல் விழுந்த ‘பி கிரேடு’ லேப்டாப்பில் பேட்டரி நன்றாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: பதினைந்து நாளில் திருப்பித் தரலாம் என்கிறார்கள். போதுமா?

பதில்: பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் பதினாறாம் நாள் திறந்தால் போதாது. வந்த அன்றே பேட்டரியை முழுசாக ஏற்றி, ஒரு படம் ஓடவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் எதையாவது செருகுங்கள், எல்லா விசையையும் தட்டுங்கள், கேமரா, மைக், வைஃபை எல்லாம் ஒரு வீடியோ காலில் சோதித்துவிடலாம். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, அதையும் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் கீழே பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாமல் அன்றைக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிடுங்கள்.