நிலவறைச் சுவருக்கு முதுகுதான் முக்கியம்

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கம் சரிவான ரப்பர் விளையில் வீடு. பின்மேட்டைக் குடைந்து, விதைச் சேனையும் காச்சிலும் வைக்கச் சின்னதாக ஒரு நிலவறை கட்ட ஆசை. 12 அடி நீளம், 7 அடி உயரம். மண்ணைத் தாங்கும் கருங்கல் சுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கட்டலாமென்று இருக்கிறேன். கையாலைபோலக் கலவை இல்லாமல் அடுக்கினால் போதுமா?

பதில்: போதாது. கையாலையில் கல் இடுக்கு வழியே மழைத்தண்ணீர் தானாக வடிந்துவிடும். நிலவறையிலோ அது அறைக்குள்தான் வரும், சேனை அழுகும். ஒன்றுக்கு ஐந்து சிமென்ட் கலவையில் கட்டுங்கள். ஆனால் இடுக்கை அடைத்துவிட்டால், சுவரின் முதுகில் சேரும் தண்ணீருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கும் மண், காய்ந்த மண்ணைவிட இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் கட்டிய முதல் சுவர் ஒரு ஐப்பசி மழையில் நடுவில் வயிறு தள்ளியது. பிரித்துப் பார்த்தேன், கல்லில் ஒரு குறையும் இல்லை. பின்னால் நான் மிதித்து நிரப்பிய செம்மண், பிசைந்த மாவாக விரலில் ஒட்டியது. அன்றுமுதல் சுவருக்குப் பின்னால் மண்ணே போடுவதில்லை. அடியில் 4 இஞ்ச் துளைக் குழாய், துளை கீழ்நோக்கி. வாய் சரிவின் கீழ்ப்பக்கம் வெளியே திறக்கவேண்டும். அதன்மேல் ஒரு அடி அகலத்துக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. உச்சியில் மட்டும் அரையடி களிமண், மழை உள்ளே இறங்காமலிருக்க.

அளவு: கெட்டித்தரைவரை வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டுங்கள், ஒன்றரை அடிக்குக் குறையாமல். சுவர் அடியில் மூன்றரை அடி, தலையில் இரண்டடி. மண்பக்கமான முதுகு நேராக, அறைப்பக்கமான முகம் சாய்வாக. எல்லாம் சேர்த்து மூன்றரை யூனிட் கல்லாவது ஆகும் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). ஒரு கன அடிக் கருங்கல் 75 கிலோ வரும். பெரியதைக் கடப்பாரையால் நெம்பி அடிவரிசையிலேயே வைத்துவிடுங்கள். இரண்டடிக்கு ஒரு வரிசையில், ஐந்தடிக்கு ஒன்றாக, முகத்திலிருந்து சுவருக்குள் ஆழமாகப் போகும் நீளக்கல் வையுங்கள். எதிர்ப்புறமிருந்தும் அதேபோல் ஒன்று வந்து அதன்மேல் ஏறி உட்காரட்டும். முகமும் முதுகும் தனித்தனியாகப் பிரிந்துபோகாமல் கட்டிவைப்பது இதுதான்.

ஒரு ஞாயிறு இரண்டடிக்குமேல் ஏற்றாதீர்கள். வாரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, அடுத்த ஞாயிறு பின்னால் ஜல்லி நிரப்பியபிறகே மேலே போங்கள்.

எனக்குப் பயமெல்லாம் மேட்டை வெட்டும் வேலையில்தான். 7 அடி மண்ணைச் செங்குத்தாக வெட்டிவிட்டு அதன் கீழே குனிந்து நிற்காதீர்கள். நடுவில் ஒரு படி விட்டுச் சரிவாக வெட்டுங்கள், இரவில் படுதா போட்டு மூடுங்கள், தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். வெட்டு விளிம்பிலிருந்து 14 அடிக்குள் வீட்டு அஸ்திவாரம் இருந்தால், ஒரு பொறியாளர் வந்து பார்க்கும்வரை மண்வெட்டியைத் தொடவேண்டாம். தை பிறந்ததும் ஆரம்பித்தால் இடவப்பாதிக்குமுன், அதாவது ஜூன் தொடக்கத்துத் தென்மேற்குப் பருவமழைக்குமுன், ஜல்லிவரை முடித்துவிடலாம்.