21 நாளில் விந்தணு புதிதாகுமா? பூஞ்சை நச்சு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. உணவில் கலந்திருக்கும் பூஞ்சை நச்சு, ஆணின் விந்தணுவில் மரபணுக்களின் இயக்கத்தையே மாற்றிவிடுமாம். அவர்களுடைய மாத்திரையை 21 நாள் சாப்பிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் அந்த விளம்பரத்தின் முதல் பாதி முழுப் பொய் இல்லை. கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது.

நச்சு மரபணுவில் இரண்டு விதமாகக் கைவைக்கலாம். ஒன்று, டிஎன்ஏவில் இருக்கும் எழுத்தையே சிதைப்பது. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சு இதில் பேர்போனது. கல்லீரலில் உருமாறி, டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினில் போய் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் புற்றுநோய்க்கு அது காரணம் என்பதில் இன்று சந்தேகமே இல்லை. இரண்டாவது விதத்தில் எழுத்து அப்படியேதான் இருக்கும். எந்த மரபணு எப்போது பேச வேண்டும், எப்போது வாய் மூட வேண்டும் என்ற ஏற்பாடுதான் குலையும். டிஎன்ஏமேல் ஒட்டும் மெத்தில் என்ற வேதிக் குறிகள், டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள், மைக்ரோ ஆர்என்ஏ என்னும் குட்டித் துணுக்குகள் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது.

விந்தணு உருவாகும்போது இந்த ஏற்பாடு பெரிய இடமாற்றம் ஒன்றைக் கடக்கிறது. ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி கழன்றுபோய், அந்த இடத்தில் புரோட்டமின் என்ற புரதம் உட்காரும். அப்போதுதான் டிஎன்ஏ இறுகிச் சுருங்கி, அந்தச் சின்னத் தலைக்குள் அடங்க முடியும். மனித விந்தணுவில் 5 முதல் 15 சதவீத ஹிஸ்டோன் மட்டும் மிஞ்சும். இந்த வேலை நடக்கும் நேரத்தில் நச்சு குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

இதில் அதிகம் அடிபடும் பெயர் ஸீரலெனோன். மக்காச்சோளம், கோதுமை போன்றவற்றில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சை இதை உண்டாக்குகிறது. வடிவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போலிருப்பதால், அந்த ஹார்மோன் செல்லில் வந்து பொருந்தும் இடமான ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த விரை செல்களிலும் இதைக் கொடுத்துப் பார்த்ததில் மெத்தில் குறிகளும் ஹிஸ்டோன் குறிகளும் மாறின. விந்தணுவின் எண்ணிக்கையும் நகர்வும் குறைந்தன. சினை எலிகளுக்குக் கொடுத்தபோது, பிறந்த ஆண் குட்டிகளிடமும் பாதிப்பு தெரிந்தது. விளம்பரக்காரர் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. இந்தச் சோதனைகள் பெரும்பாலும் எலியிலும் கண்ணாடித் தட்டிலும் நடந்தவை. தினசரிச் சாப்பாட்டில் நமக்குள் போகும் அளவைவிட அதிகமாகக் கொடுத்துப் பார்த்தவை நிறைய. மனிதரில் 'இத்தனை மைக்ரோகிராம் போனால் இந்த மரபணு மாறும்' என்று யாரும் அளந்து வைக்கவில்லை.

சரி, அந்த 21 நாள்? சாதாரணக் கணக்கிலேயே உதைக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதன்பின் விரையை ஒட்டிய குழாய்க்குள் முதிர்ச்சியடைய மேலும் ஒன்றிரண்டு வாரம். 21ஆம் நாள் வெளிவரும் விந்தணுவுக்கு, நீங்கள் மாத்திரை டப்பாவைத் திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

மாத்திரைக்குள் இருப்பது பெரும்பாலும் கரித்தூள் அல்லது களிமண். பென்டோனைட் களிமண்ணை அஃப்ளாடாக்சினைப் பிடித்துவைக்கக் கால்நடைத் தீவனத்தில் கலக்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. அது தீவனத்தோடு குடலுக்குள் இருக்கும்போது செய்யும் வேலை. ஏற்கெனவே ரத்தத்தில் சேர்ந்ததைத் துரத்திப் பிடிக்காது. ஸீரலெனோனை அது சரியாகப் பிடிப்பதும் இல்லை. கரித்தூளுக்கோ பாரபட்சமே கிடையாது. நீங்கள் சாப்பிடும் மருந்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: வீட்டிலேயே சிறுநீரைப் பிடித்து அனுப்பினால் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சொல்கிறார்களே, அந்தச் சோதனைப் பெட்டி எப்படி?

பதில்: சிறுநீரில் தெரிவது முக்கியமாக நேற்றும் முந்தாநாளும் சாப்பிட்டதன் எச்சம். ஆரோக்கியமானவரிடமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இப்படிப்பட்ட, சரிபார்க்கப்படாத சோதனைகளை வைத்து நோயைத் தீர்மானிப்பது பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை 2015இலேயே எச்சரித்திருக்கிறது.

விந்தணுவின் மெத்தில் குறிகளைப் படித்துச் சொல்லும் சோதனைகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. குறி மாறியிருக்கிறது என்று அது காட்டினாலும், காரணம் பூஞ்சையா, புகையா, வயதா என்று சொல்லாது. ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால் முதலில் சாதாரண விந்துப் பரிசோதனை செய்யுங்கள். மரபணு ஏற்பாடு அதில் தெரியாது. ஆனால் மருத்துவர் அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க அது போதும்.

கேள்வி: தானியம் விற்கும் ஒருவர் 'ஆய்வகத்தில் சோதித்தது' என்று சான்றிதழ் காட்டுகிறார். அதில் எதைப் பார்ப்பது?

பதில்: நல்ல கேள்வி. மாத்திரைக்குப் போகும் காசைவிட இங்கே செலவிடும் ஐந்து நிமிடம் மேல்.

முதலில் தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர். சான்றிதழில் இருப்பதும் பாக்கெட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சான்றிதழை இந்த வருட மூட்டைக்குக் காட்டுவது சகஜம். அடுத்து, ஆய்வகத்துக்கு, சோதனைக்கூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், எந்த நச்சைத் தேடினார்கள்? பல சான்றிதழ்களில் அஃப்ளாடாக்சின் மட்டும்தான் இருக்கும். ஹார்மோன் பற்றிய கவலை உங்களுக்கு இருந்தால் ஸீரலெனோன் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மக்காச்சோளம் நீங்கலாக, நேரடியாக உண்ணும் தானியத்தில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு கிலோவுக்கு 75 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியது என்று வைத்திருப்பது உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 17.5 மைக்ரோகிராம். ஆக, வரம்பைத் தொட்டு நிற்கும் தானியம் என்றால் ஏறக்குறைய 230 கிராமிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும். 'வரம்புக்குள் இருக்கிறது' என்ற ஒரு வரியோடு திருப்தி அடையாமல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'கண்டறியப்படவில்லை' என்று போட்டிருந்தால், அவர்கள் கருவியால் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு என்ன என்றும் கேளுங்கள்.

கடைசியாக, மாதிரி எடுத்த விதம். நச்சு மூட்டை முழுக்கப் பரவி இருக்காது. ஆயிரம் கடலை சுத்தமாக இருக்கும், ஒன்றில் மட்டும் குவிந்து கிடக்கும். மேலாக ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பிய சான்றிதழுக்குப் பெரிய மதிப்பில்லை. பல இடங்களிலிருந்து எடுத்து, கலந்து, அரைத்துச் சோதித்திருக்க வேண்டும்.

கேள்வி: நன்றாக வேகவைத்தால் போய்விடாதா? இயற்கை வேளாண் பொருள் வாங்கினால் பயமில்லையா?

பதில்: வேகவைத்தாலும் போகாது, இயற்கை வேளாண் பொருள் என்றாலும் பயம் இருக்கத்தான் செய்யும். கொதிநீரின் சூட்டில் பூஞ்சை சாகும், நச்சு சாகாது. வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான். இயற்கை வேளாண் முத்திரை பூச்சிமருந்து, உரம் பற்றியது. பூஞ்சைக்கு அதைப் படிக்கத் தெரியாது.

பலன் தருவது பொறுக்குதல். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, கசப்பது எல்லாவற்றையும் தூக்கிப்போடுங்கள். நச்சில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஈரம் புகாத டப்பாவில் வையுங்கள். நான் ஒருமுறை வெயிலில் காய்ந்த கடலையைச் சூடு ஆறும் முன்பே மூடி வைத்து, மூடியின் உட்புறம் வியர்த்து, மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன்.

கேள்வி: பாக்கெட்டைப் பிரித்ததுமே பூஞ்சணம். 'தேதி தாண்டவில்லையே' என்று கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: தேதி தாண்டாமல் பூஞ்சணம் வந்தால் அது உங்கள் தவறு இல்லை என்பதற்குத்தான் ஆதாரம். படம் எடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பாக்கெட்டை இறுகக் கட்டித் தனியே வையுங்கள். முகர்ந்து பார்க்க வேண்டாம். தயாரிப்பாளருக்கும் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். உறையைக் கிழிக்கும்போது தொகுதி எண் உள்ள ஓரத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள். அது போனால் எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று யாராலும் தேட முடியாது.