ஹெல்மெட்டில், சைக்கிளில் மாட்டும் குட்டி ஆக்‌ஷன் கேமரா இருபதே நிமிடத்தில் சூடாகி நின்றுவிடுகிறது. பழுதா? என்ன செய்யலாம்?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, இருப்பதிலேயே பெரிய அளவில் பதிவு போட்டிருப்பீர்கள். நானும் அதைச் செய்துதான் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா மகளின் பள்ளி நாடகம், ஒரு மணி நேரம். கேமரா என்னிடம் இருப்பதால் பொறுப்பும் என் தலையில். 5.3கே 60 (படத்தின் அளவு 5.3கே, நொடிக்கு 60 படம்) வைத்து, போனில் பார்த்துக்கொள்ள வைஃபையைப் போட்டு, பேட்டரி மூடியைத் திறந்து பவர் பேங்கையும் செருகிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். 19-ஆவது நிமிடத்தில் போன் திரை கறுத்தது. ஓடிப்போய்த் தொட்டால் இஸ்திரிப் பெட்டி. அப்போதுதான் மேடையில் எங்கள் வீட்டுப் பிள்ளை வருகிறாள். அவளுக்கு மரம் வேஷம், ஒரே ஒரு வசனம்.

பதற்றத்தில், தண்ணீர் பாட்டில் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் கேமராவைப் போட்டேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரண்டு நிமிடம் கழித்து எடுத்ததும் லென்ஸ் முழுக்க நீர் படர்ந்தது. துடைக்கத் துடைக்க மறுபடி படர்ந்தது. மூடி வேறு திறந்திருந்தது. உள்ளே ஈரம் இறங்காதது என் அதிர்ஷ்டம். வீடியோவில் மரம் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பேசுகிறது.

விஷயம் இதுதான். பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களுக்குள் மின்விசிறி கிடையாது. தண்ணீர் புகாமல் அடைத்திருப்பதால் காற்றோட்டத் துளையும் இல்லை. பிராசஸரின் சூடு உடம்பு வழியாக வெளிக்காற்றுக்குத்தான் போயாக வேண்டும். ஹெல்மெட்டிலோ சைக்கிள் கைப்பிடியிலோ மாட்டினால் எதிர்க்காற்றே விசிறி. முக்காலியில் அந்தக் காற்று ஏது? ஆக்‌ஷன் கேமரா தயாரிக்கும் கோப்ரோ நிறுவனமே தன் ஹீரோ 10 மாடலுக்கு மென்பொருள் அப்டேட்டில் முக்காலிக்கென்று தனியாக ஒரு பதிவு முறை கொடுத்தது. ஆகவே ‘உனக்குக் கேமராவே பிடிக்கத் தெரியவில்லை’ என்று கீழே எழுதத் துடிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

இப்போது நான் 4கே 30-க்கு மேல் போவதில்லை. நீளமான நிகழ்ச்சி என்றால் அதைவிடச் சின்ன அளவான 1080-தான். வைஃபை, ஜிபிஎஸ் இரண்டும் அணைந்திருக்கும், பின்திரை ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். முக்காலியில் ஆட்டம் இல்லை என்பதால் ஸ்டெபிலைசேஷனும் வேண்டாம். அதுவும் பிராசஸருக்கு வேலைதான். தண்ணீரில் இறங்காதபோது வெளிக்கூட்டைக் கழற்றிவிடுவேன். பவர் பேங்க் போடுவதானால் பேட்டரியை எடுத்துவிட்டுப் போடுவேன். இல்லாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஏறும் சூடும் சேர்ந்துகொள்ளும். சில மாடல்கள் பேட்டரி இல்லாமல் ஓடாது, முதலில் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம்விட அதிகம் உதவியது, பக்கத்தில் வைத்த கையளவு யுஎஸ்பி விசிறி. இரைச்சல் ஒலியில் விழும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். ‘இதற்கா இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேன்’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கேமரா வைத்திருப்பவன் குடும்ப நிகழ்ச்சி எதையும் தன் கண்ணால் பார்ப்பதே இல்லை. சாப்பிடக்கூடக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுத்தால், ‘வாட்ஸப்புல அனுப்புடா’ என்பார்கள். அது பிழிந்து அனுப்பும் வீடியோவில் 5.3கே-யும் ஒன்றுதான், பழைய போனும் ஒன்றுதான்.

அடுத்த வருட நாடகத்தை அக்கா தன் போனிலேயே எடுத்தாள். ‘முழுசா வந்திருக்கு பாரு’ என்று இதுவரை மூன்று முறை காட்டிவிட்டாள்.