எந்தக் கணினியில் எது இருக்கிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரே டொமைனில் (மையமாக நிர்வகிக்கப்படும் கணினிக் குழுவில்) 60 விண்டோஸ் கணினிகள். பிடிஎஃப் மென்பொருளின் புதிய பதிப்பு எல்லாவற்றிலும் ஏறிவிட்டதா என்று பார்க்க, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில், நிறுவிய மென்பொருள்களைச் சொல்லும் வின்32_புராடக்ட் வழியாகப் பட்டியல் எடுக்கிறேன். ஒரு கணினிக்கே பல நிமிடங்கள் ஆகின்றன. மெஷின் இழுக்கிறது என்று புகார் வேறு. மாற்று வழி உண்டா?

பதில்: முதலில் வின்32_புராடக்டை ஸ்கிரிப்டிலிருந்து தூக்கிவிடுங்கள். அது பட்டியல் தருவதோடு நிற்பதில்லை. எம்எஸ்ஐ (விண்டோஸின் சொந்த நிறுவல் முறை) வழியாக ஏறிய ஒவ்வொரு மென்பொருளையும் சோதித்து, குறை கண்டால் பழுதுபார்க்கவும் இறங்கிவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்தால், எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் பெயரில் 1035 என்ற எண்ணுள்ள பதிவுகள் வரிசை கட்டி நிற்கும். கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் பிரித்து மாட்டிவிட்டுப் போவது போல! இவ்வளவு செய்தும், எம்எஸ்ஐ அல்லாத நிறுவிகளால் ஏறியவை அதில் தென்படாது.

அதற்குப் பதில், விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைப் படியுங்கள், நொடிகளில் முடியும். கணினி முழுமைக்குமான ஹெச்கேஎல்எம் பகுதியில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று இறங்கினால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கிளை இருக்கும். அதிலுள்ள டிஸ்ப்ளேநேம் (பெயர்), டிஸ்ப்ளேவெர்ஷன் (பதிப்பு எண்) இரண்டும் போதும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்கள், சாஃப்ட்வேருக்கு அடியில் உள்ள வாவ்6432நோட் கிளைக்குள் இதே வரிசையில் இருக்கும். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஸ்கிரிப்டை 32 பிட் பவர்ஷெல்லில் ஓட்டாதீர்கள். முதல் பாதையைக் கேட்டாலும் விண்டோஸ் சத்தமில்லாமல் இரண்டாவதையே காட்டும். ஒரே பட்டியல் இரண்டு தடவை வரும்.

குரோம் போன்றவை நிர்வாகி உரிமை இல்லாமல் ஒருவரது கணக்குக்குள் மட்டும் ஏறக்கூடியவை. அவற்றின் பதிவு, அந்தந்தப் பயனருக்கான ரெஜிஸ்ட்ரி பகுதியான ஹெச்கேசியூவில். ஆனால் தொலைவிலிருந்து அதைக் கேட்டால், வருவது உங்கள் கணக்கின் கிளை, அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பவருடையது அல்ல. பயனர் கிளைகளை ஒன்றாக வைத்திருக்கும் ஹெச்கீ_யூசர்ஸ் வழியாகப் போனால், அப்போது லாகின் செய்திருப்பவர்களின் கிளைகள் கிடைக்கும்.

ஃபார்ஈச் சுழற்சி போட்டு ஒவ்வொரு கணினியாகத் தட்ட வேண்டாம். 60 பெயர்களையும் மொத்தமாக, தொலைக் கணினிகளில் கட்டளை ஓட்டும் இன்வோக்-கமாண்டிடம் கொடுத்தால், அது இயல்பாக ஒரே நேரத்தில் 32 கணினிகள் வரை தொடர்புகொள்ளும். அலுவலக விண்டோஸ் கணினிகளில் இதற்குத் தேவையான ரிமோட்டிங் (தொலைவிலிருந்து கட்டளை ஏற்கும் வசதி) இயல்பாக இயங்காது. டொமைன் கணினிகளுக்கு மொத்தமாக அமைப்பு வைக்கும் குரூப் பாலிசியில், ரிமோட்டிங்கை நடத்தும் வின்ஆர்எம் சேவையை இயக்கி, ஃபயர்வாலில் 5985 போர்ட்டை நிர்வாகக் கணினியின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

கேள்வி: அறிக்கையில் "இல்லை" என்று வந்த கணினிக்குப் போய்ப் பார்த்தால் மென்பொருள் இருக்கிறதே?

பதில்: அணைந்து கிடந்த கணினியும் "இல்லை" கணக்கில் சேர்ந்திருக்கும். மென்பொருள் இல்லாத கணினியும் வரி எதுவும் அனுப்பவில்லை, எட்டாத கணினியும் அனுப்பவில்லை. பிறகு எப்படிப் பிரிப்பது? தேடியது கிடைக்காவிட்டாலும் "இல்லை" என்று ஒரு வரி கட்டாயம் திரும்பும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள். வரியே வராத பெயர்கள் "பதில் இல்லை" என்ற தனிப் பட்டியலுக்குப் போகட்டும். எப்போதாவது அலுவலகம் வரும் லேப்டாப்களுக்கு, கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் வைத்து முடிவை ஒரு பகிர்வுக் கோப்புறையில் எழுதச் சொல்லலாம். அது பயனர் கணக்கில் அல்லாமல் கணினியின் சொந்த சிஸ்டம் கணக்கில் ஓடுவதால், எழுதும் அனுமதியை ஆட்களுக்கு அல்ல, டொமைன் கணினிகள் அடங்கிய டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குத் தர வேண்டும்.

பதிப்பு எண் ஒப்பீட்டையும் ஒருமுறை பாருங்கள். எழுத்துத் தொடராக ஒப்பிட்டால் 10.1-ஐ விட 9.5 பெரியது! பவர்ஷெல்லின் வெர்ஷன் என்ற தரவு வகைக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். எண்ணுக்கு நடுவே எழுத்து கலந்திருந்தால் அந்த மாற்றம் பிழை காட்டும். அத்தகைய வரிகளைத் தனியே ஒதுக்கிக் கையால் பார்ப்பதே மேல்.

கேள்வி: எம்எஸ்ஐ நிறுவல் 3010 என்ற எண்ணைத் தருகிறது. தோல்வியா?

பதில்: இல்லை, ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் பாக்கி. 1641 என்றால் ரீஸ்டார்ட் தொடங்கியே விட்டது. 1618 வந்தால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடிந்ததும் மறுபடி ஓட்டுங்கள்.