பூட்டுக் குறி இருந்தால் போதுமா? இணையதளக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சேலைக் கடையின் தளம் கம்ப்யூட்டரில் சட்டென்று திறக்கிறது, செல்போனில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஹோஸ்டிங் தருபவர் பெரிய சர்வருக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?
– வாசகி, ஈரோடு

இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். கம்ப்யூட்டரில் சட்டென்று திறக்கிறது என்றால் சர்வர் நேரத்துக்குப் பதில் தருகிறது, கனமெல்லாம் இணையப் பக்கத்தில்தான் இருக்கிறது. துணிக்கடைத் தளங்களில் அநேகமாகப் படங்கள்தான் காரணம். போனில் எடுத்த நான்கைந்து எம்பி போட்டோவை அப்படியே ஏற்றி, திரையில் உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கிக் காட்டுவார்கள். பார்க்க சின்னதாக இருந்தாலும் வாடிக்கையாளரின் போன் அந்த நான்கைந்து எம்பியையும் இறக்கியாக வேண்டும். காட்டும் அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் படத்தைக் குறைத்து, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவில் சேமித்து ஏற்றுங்கள். பக்கத்தின் கீழ்ப்பகுதிப் படங்களுக்கு லேசி லோடிங் வையுங்கள், அதாவது வாசகர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் படம் இறங்கும். திறந்ததும் தெரிகிற முதல் பெரிய படத்துக்கு மட்டும் அது வேண்டாம், வைத்தால் அந்தப் படம்தான் தாமதமாக வரும். அப்புறம் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற வேகச் சோதனைத் தளத்தில் மொபைல் பகுதியைப் பாருங்கள், முதல் திரையின் பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்ல வேகம். அதற்குப் பிறகும் சர்வரின் முதல் பதில் தாமதம் என்று காட்டினால் சர்வரை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் தளத்தில் பூட்டுக் குறி இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்த உறுப்பினருக்குப் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பும் வசதியும் வைத்திருக்கிறோம். பாதுகாப்பு போதும்தானே?
– வாசகர், திண்டுக்கல்

போதாது. அந்த வசதியை இன்றே நிறுத்துங்கள். பழைய பாஸ்வேர்டை உங்களால் எடுத்து அனுப்ப முடிகிறது என்றால் டேட்டாபேஸைத் திருடுகிறவராலும் எடுக்க முடியும். பூட்டுக் குறிக்குப் பின்னால் இருக்கும் எச்டிடிபிஎஸ் காப்பது உறுப்பினரின் போனுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் உள்ள வழியை மட்டும்தான், சர்வருக்குள் நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. நிறையப் பேர் ஒரே பாஸ்வேர்டைத்தான் மெயிலுக்கும் மற்றதுக்கும் வைத்திருப்பார்கள், அதனால் உங்கள் தளத்தில் கசிந்தால் அவர்களுடைய மெயிலே பறிபோகும். எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதுதான்.

பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல் ஹேஷ் செய்து, அதாவது திரும்ப மாற்ற முடியாத குறியீடாக்கி வைக்க வேண்டும். பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய தளம் என்றால் 2013-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறை வேண்டாம், அது மிக வேகமானது, வேகமாக இருப்பதுதான் இங்கே ஆபத்து, ஏனென்றால் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்த்துவிடும். பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற ஹேஷ் முறைகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. பழைய பாஸ்வேர்டுகள் உங்களிடம் படிக்கிற நிலையில் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஹேஷாக மாற்றிவிடலாம், உறுப்பினர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மாற்றிய பிறகு பழைய பேக்கப் கோப்புகளையும் அழியுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பாஸ்வேர்டை மறந்தவருக்கு ஒரு முறை மட்டும் வேலை செய்கிற, சீக்கிரம் காலாவதியாகிற லிங்க் அனுப்பினால் போதும்.

கேள்வி: என் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடை திடீரென்று 'பிழை' என்கிறது. அதற்கு முன்பு, தளத்தை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றிய அன்று, பழைய பதிவுகள் எல்லாம் புதிதுபோல வாசகர்களுக்குப் போய்விட்டன. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. ஆர்எஸ்எஸ் ஓடை என்பது உங்கள் புதிய பதிவுகளை ரீடர் செயலிகள் எடுத்து வாசகருக்குக் காட்ட உதவும் கோப்பு, அது எக்ஸ்எம்எல் என்ற கறாரான வடிவில் எழுதப்படுவது. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் சின்னத் தப்பு இருந்தால் பிரவுசர் சமாளித்துக் காட்டிவிடும், எக்ஸ்எம்எல்லில் ஒரு தப்பு இருந்தாலும் முழு ஓடையும் நின்றுவிடும். முதலில் கோப்பின் தொடக்கத்தைப் பாருங்கள், எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தால்கூடப் பிழைதான். வேர்ட்பிரஸ்ஸில் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் பிஎச்பி முடிவுக் குறிக்குப் பிறகு யாராவது வெற்று வரி விட்டிருந்தால் இப்படி வரும், அந்த முடிவுக் குறியையே எடுத்துவிடலாம். அது இல்லையென்றால் தலைப்பில் & குறியை நேரடியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பழைய பதிவுகள் திரும்பப் போனதற்குக் காரணம் ஜியுஐடி (GUID) எனப்படும், ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாளம். ஒரு பதிவைப் படித்தாயிற்றா இல்லையா என்பதை ரீடர் செயலிகள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. உங்கள் ஓடையில் அது முகவரி வடிவில் இருந்து, மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றியிருப்பீர்கள். டேட்டாபேஸில் தேடி மாற்றும்போது அந்தப் பகுதியை மட்டும் தொடாமல் விட வேண்டும். போனது போகட்டும், இப்போது மறுபடி பழையபடி மாற்றப் போகாதீர்கள், எல்லாம் இன்னொரு முறை போகும்.

கேள்வி: ஓடையில் முழுக் கட்டுரை தரலாமா, சுருக்கம் போதுமா?
– வாசகி, மதுரை

முழுசாகவே கொடுங்கள். தேடி வந்து ஓடையைச் சேர்த்துக்கொள்கிறவர் உங்களுடைய நெருக்கமான வாசகர், அவரை இரண்டு வரியோடு நிறுத்தக் கூடாது.