வாசகர் கேள்வி: பற்றவைத்த இடம் நிற்கிறது, பக்கத்து இடம் கீறுகிறது

கேள்வி: ஐயா, நான் ஒரு தனியார் ஜெட்டியில் பராமரிப்பு சூப்பர்வைசர். தண்ணீர் மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே ஒரு குறுக்குக் குழாயில் போன வருஷம் கீறல் விழுந்தது. டைவர்களை வரவழைத்து, தண்ணீருக்குள்ளேயே மேல் தகடு வைத்துப் பற்றவைத்தோம். 11 மாதத்தில் அந்தத் தகட்டின் ஓரத்திலேயே புதுக் கீறல். வெல்டர் சரியில்லையா, வெல்டிங் ராடு சரியில்லையா? "சின்னக் கீறல்தானே, இன்னொரு தடவை பற்றவைத்தால் போச்சு" என்கிறார் எங்கள் மேலாளர்.
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: வெல்டரைத் திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். 19 வருஷம் அதே வேலை பார்த்தவன் என்பதால் பரிந்து பேசவில்லை. சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

உங்கள் கடிதத்தில் 'ஓரத்திலேயே' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்துப் பட்டறை எதிலாவது விசாரியுங்கள். படகு எஞ்சின் பிராக்கெட் உடைந்து வரும், பற்றவைத்துக் கொடுப்பார்கள். மறுபடி உடைந்து வரும்போது வெல்டிங் மேடு அப்படியே இருக்கும். அதை ஒட்டின தகடு விட்டுப்போயிருக்கும். மேடும் தகடும் சேருகிற அந்த விளிம்புக்கு எங்கள் தொழிலில் 'டோ' என்று பெயர். இரும்பில் ஓடுகிற விசை நேராக ஓட முடியாமல் அந்த இடத்தில் நெருக்கியடித்துத் திரும்புகிறது. கீறல் பிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

பாரம் தாங்காமல் உடைவது வேறு, அலுத்துப்போய் உடைவது வேறு. உங்கள் குழாய் இரண்டாவது வகை. 6 விநாடிக்கு ஒரு அலை என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 14,400 தடவை, வருஷத்துக்கு 50 லட்சம் தடவைக்கு மேல் அது அந்தக் குழாயை ஆட்டிவிட்டுப் போகிறது. ஒரு அலையும் அதை உடைக்கிற அளவுக்குப் பெரியதில்லை. ஆனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. இதில் ஒரு கணக்கை மட்டும் உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்: வெல்டிங்கில் விசை ஏறி இறங்குகிற அளவு இரண்டு மடங்கானால், ஆயுள் பாதியாகாது, ஏறக்குறைய எட்டில் ஒன்றாகும். 24 வருஷம் நிற்க வேண்டியது 3 வருஷத்தில் போய்விடும். கனமான தகட்டை ஒட்டவைத்ததால் குழாய் பலமாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். தகடு முடிகிற இடத்தில் புதிதாக ஒரு டோ உண்டாகிவிட்டதே!

இதில் தண்ணீர் செய்கிற கூத்து தனி. பழுக்கக் காய்ச்சிய அரிவாளைக் கொல்லர் தண்ணீரில் முக்குவது அது கெட்டியாவதற்கு. தண்ணீருக்குள் வெல்டிங் செய்தால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அந்த முக்கல் தானாகவே நடக்கிறது. பற்றவைத்த இடத்தை ஒட்டிய இரும்பு கெட்டித்து, நொறுங்குகிற பக்குவத்துக்கு வந்துவிடும். ஆர்க் (ராடு நுனியில் எரிகிற மின்பொறி) சூட்டில் தண்ணீரே பிரிந்து ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் புகும், கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும். தப்பிக்க முடியாத வாயு துளைகளாக உள்ளேயே தங்கிவிடும். ஆழம் கூடக் கூடத் துளைகளும் கூடும். பயிற்சிக் காலத்தில் என் சோதனைத் துண்டை அறுத்துக் காட்டினார்கள். வெளியே பார்க்க லட்சணமாக இருந்தது. உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி!

கீழே வெல்டர் படுகிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன். கலங்கல் தண்ணீரில் தன் கையுறையே தெரியாது. வார்னிஷ் பூசிய ராடைத் தகட்டோடு அழுத்தி, கை உணர்வை வைத்தே இழுத்துக்கொண்டு போக வேண்டும். 'ஹாட்' என்றால் மேலே இருப்பவர் ஸ்விட்சைப் போடுவார், 'கோல்டு' என்றால் எடுப்பார். குமிழிக்கு நடுவே ஒரு நீல வெளிச்சம், அவ்வளவுதான் காட்சி. வளைகுடாவில் கடலில் நிற்கிற ஒரு மேடையில் உங்களுடையதைப் போலவே ஒரு தகடு வைத்தேன். டோவைக் கிரைண்டர் போட்டு வழவழப்பாக இழைக்க இன்னும் ஒரு முழுக்கு கேட்டேன். "நீரோட்டம் மாறுது, போதும், ஏறி வா" என்றார்கள். அடுத்த ஆய்வில் காந்தப் பொடி மையைப் பூசி, புற ஊதா விளக்கைப் பிடித்தபோது, பச்சையாக ஒளிர்ந்துகொண்டு ஒரு தலைமுடிக்கோடு. டோவை ஒட்டியே ஓடியது. கை வைத்தவன் நான், அதனால் அந்தப் பச்சைக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

'சின்னக் கீறல்தானே' என்பதற்கு வருகிறேன். 1980 மார்ச் 27 அன்று வட கடலின் நார்வே பகுதியில், எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் அலெக்சாண்டர் கீலாந்து என்ற மிதவை மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்துபோனார்கள். ஒலிக்கருவி ஒன்றைத் தாங்குவதற்காகக் குறுக்குக் குழாயில் ஒரு சின்ன உறுப்பைப் பொருத்தியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அங்கிருந்து கிளம்பிய கீறல் குழாயையே சுற்றி வந்து அறுத்தது. மற்றக் குழாய்களும் விட்டுப்போய், ஐந்து கால்களில் ஒன்று கழன்றது. உடைந்த முகத்தில் பெயின்ட் ஒட்டியிருந்தது. அப்படியென்றால் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அங்கே கீறல் இருந்திருக்கிறது. இத்தனைக்கும் அது தண்ணீருக்குள் வைத்ததல்ல, கட்டுமானத் தளத்தில் வைத்த வெல்டிங்.

ஆகவே அதே இடத்தில் மறுபடி ராடு வைக்காதீர்கள். 3 மீட்டர் ஆழம்தானே, குழாயைச் சுற்றிப் பெட்டி கட்டி, தண்ணீரை இறைத்துவிட்டு, உலர்ந்த இடத்தில் வெல்டிங் செய்யலாம். செலவு கூடும், ஆனால் சூடுபடுத்தவும் மெல்ல ஆறவிடவும் முடியும், டோவை இழைக்கவும் முடியும். இல்லையென்றால் வெல்டிங்கே வேண்டாம். போல்ட் போட்டு இறுக்குகிற கிளாம்ப் மாட்டுங்கள். எதைச் செய்வதற்கு முன்னும், படகு அணையும்போது அந்தக் குழாய் இடி வாங்குகிறதா என்று ஒரு நாள் நின்று பாருங்கள். ஃபெண்டர் (படகின் இடியைத் தாங்குகிற மெத்தை) தேய்ந்திருந்தால் முதல் வேலை அங்கே. அனோடு கட்டிகளையும் (இரும்புக்குப் பதில் தாங்கள் கரைந்து அதைத் துருவிலிருந்து காக்கிற உலோகக் கட்டிகள்) பாருங்கள். அவை தீர்ந்துபோய் வெறும் இரும்பு உப்புத் தண்ணீரில் நின்றால் கீறல் இன்னும் வேகமாக ஓடும்.

கேள்வி: அதிக பலமுள்ள எஃகு வாங்கிப் போட்டால் இந்தப் பிரச்சினை தீராதா?
(காரைக்கால் பொறியியல் மாணவி)

பதில்: தீராதும்மா. வெறும் தகடாக இருந்தால் கொஞ்சம் லாபம் உண்டு. பற்றவைத்துவிட்டால் ஆயுளைத் தீர்மானிப்பது டோவின் வடிவமும் அங்கே இருக்கிற குறைகளும்தான், எஃகின் பலமல்ல. தண்ணீருக்குள் வைப்பதானால் அது எதிர்மறையாகவே முடியலாம். பலமான எஃகில் கார்பனும் மற்றக் கலப்புகளும் பொதுவாகக் கூடுதல். அதனால் சட்டென்று கெட்டித்து விரிசல் விடும். நாங்கள் டைவ் இறங்கும் முன் தகட்டின் மில் சான்றிதழை (ஆலை தருகிற கலவை விவரம்) கேட்டு, கார்பன் சமான எண் (கார்பனும் மற்றக் கலப்புகளும் சேர்ந்து எஃகை எவ்வளவு கெட்டிக்கவைக்கும் என்கிற அளவு) 0.40-க்குள் இருக்கிறதா என்று பார்ப்போம். தாண்டியிருந்தால் ராடை எடுக்க மாட்டோம்.